முன்னோடிக்கு ஒரு துபாஷி

சமவெளியில் ஒரு கணினிப் பட்டறை இருந்தது. மலைமேல் இருக்கும் சிறு மருத்துவமனைகளுக்குக் கணினி பூட்டிக் கொடுப்பது அதன் வேலை. இணையமும் தொலைபேசியும் எட்டாத இடங்கள் அவை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இது இல்லை, அது இல்லை என்று யாரிடமும் கேட்க முடியாது. அதனால் ஒரு கணினிக்கு உயிர் கொடுக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் பட்டறையிலேயே ஒரு பென்டிரைவுக்குள் வைத்து, தூங்கச் செய்து அனுப்புவார்கள்.

அந்தப் பென்டிரைவுக்குள் இரண்டு சகோதரிகள் தூங்கினார்கள்.

மூத்தவள் பெயர் முன்னோடி. புதுக் கணினியில் முதலில் கண் விழிப்பவள் அவள்தான். விழித்ததும், எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் வட்டை, அதாவது ஹார்டு டிஸ்க்கை, தேடிப் பிடிப்பாள். அந்த வெற்று நிலத்தைப் பாத்தி பிரிப்பாள். தங்கையை அதில் இறக்கிக் குடிவைப்பாள். அத்தோடு அவள் ஆயுள் முடிந்தது. கணினி ஒருமுறை அணைந்து மீண்டும் எழும்போது முன்னோடி இருக்கமாட்டாள்.

இளையவள் அரசி. வட்டில் குடியேறி, ஆண்டுக்கணக்கில் வாழப்போகிறவள். மருத்துவர் பார்ப்பதும் தொடுவதும் அவளைத்தான்.

அரசியின் மடியில் துபாஷிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டறையில் அவர்களை டிரைவர் என்பார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் அல்லர், மொழி பெயர்க்கிறவர்கள். கணினியின் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசும். திரை ஒன்று பேசும், எக்ஸ்ரே கருவி வேறொன்று பேசும், வட்டு மூன்றாவதாக ஒன்று பேசும். துபாஷி இல்லாவிட்டால் பக்கத்திலேயே இருக்கும் உறுப்புகூட இல்லாததற்குச் சமம்.

அன்று அரசியின் மடிக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவன் வட்டுத் துபாஷி. புதுவகை வட்டு ஒன்று சந்தைக்கு வந்திருந்தது. மலைக்கு அனுப்பவிருந்த கணினியில் அதைத்தான் பூட்டியிருந்தார்கள். அதன் பேச்சு அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பட்டறையில் வேலை பார்த்த ஜெசிந்தா, அரசியை எழுப்பாமல் மெல்ல விரித்து, அவனை உள்ளே வைத்தாள். எக்ஸ்ரே துபாஷி அவனுக்கு நகர்ந்து இடம் கொடுத்தான்.

"நல்ல இடத்துக்கு வந்திருக்கிறாய். இனி நமக்கு அலைச்சல் இல்லை. அரசி எவ்வளவு காலமோ நாமும் அவ்வளவு காலம்" என்றான் எக்ஸ்ரே துபாஷி.

வட்டுத் துபாஷிக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்போது அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. முன்னோடியின் உறக்கம் இலேசானது. முதலில் விழிக்கவேண்டியவள் அல்லவா.

"தம்பி, நீ பேசுகிற வட்டு புதுவகை என்று சொல்கிறார்கள். அதன் பேச்சு எனக்குத் தெரியாது. நீ என் பக்கம் வருகிறாயா?"

"உங்கள் பக்கம் வந்தால் எனக்கு எவ்வளவு ஆயுள், அக்கா?"

"எனக்கு எவ்வளவோ அவ்வளவு."

வட்டுத் துபாஷி கொஞ்சம் யோசித்தான். "நான் நிலைக்க வந்தவன்" என்றான்.

முன்னோடி மறுபடி கேட்கவில்லை.

ஏறக்குறைய அதே நேரத்தில், வெளியே, ஜெசிந்தாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், இந்த டிரைவரை முதல்ல ஓடுற முன்னோடி இமேஜ்லயும் சேர்த்துடவா?"

பட்டறைக்காரர் அருமைநாயகம் அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். "அது ஒரு மணி நேரம் ஓடிட்டுப் போற ஆளும்மா. அதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு சிரமம்? இத்தனை நாளா ஒண்ணும் சேர்க்காமலே ஓடலையா? ஜீப்பு வந்து நிக்குது. கெளம்பு."

ஜெசிந்தா ஒரு நொடி தயங்கினாள். பிறகு பென்டிரைவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கணினிப் பெட்டியோடு ஜீப்பில் ஏறினாள்.

மலையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் இரவில் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, தேயிலைத் தோட்டத்துக்கு மேலே சரிவு இடிந்து, குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகள்மேல் விழுந்தது. பாதையையும் அதுவே அடித்துக்கொண்டு போயிற்று. இலை பறிக்கும் செங்கமலம் என்ற பெண்ணைச் சுவரின் அடியிலிருந்து தோண்டி எடுத்து, கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். அவள் நினைவோடுதான் இருந்தாள். இடுப்புக்குக் கீழே தொட்டால் மட்டும் பல்லைக் கடித்தாள்.

மருத்துவர் மாசிலாமணி அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் தோட்டத்து ஆட்கள் மழைக்கோணியோடு நின்றார்கள்.

"சரிவைச் சுத்திக் காட்டுப் பாதையில தூக்கிட்டுப் போயிரலாம் சார். நாங்க மாத்தி மாத்தித் தூக்குவோம்" என்றார் ஒருவர். அவர் செங்கமலத்தின் கணவர், பெயர் நல்லமுத்து.

"முதுகெலும்பு ஒடைஞ்சிருந்தா தூக்குறதே ஆபத்துங்க. நரம்பு அறுந்துட்டா அப்புறம் காலே இல்லை. ஒடையலைன்னா, இங்கயே வச்சிருக்கறது ஆபத்து. உள்ளுக்குள்ள ரத்தம் கசியுது. எது என்னன்னு படம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்பப் படம் எடுங்க சார்."

மருத்துவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். எக்ஸ்ரே கருவி நன்றாகத்தான் இருந்தது. அதன் படத்தைக் காட்டவேண்டிய பழைய கணினிதான் செத்துப் போயிருந்தது. புதியது அவள் கொண்டுவந்த பெட்டிக்குள் இருந்தது.

அவள் பெட்டியைப் பிரித்தாள். ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். பென்டிரைவைச் செருகினாள்.

முன்னோடி கண் விழித்தாள்.

எழுந்து நின்று, வழக்கப்படி நிலத்தைத் தேடினாள். நிலம் இல்லை. இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள். கை நீட்டித் துழாவினாள். காலுக்கு அடியில், அணைந்தால் அழிந்துவிடும் நினைவகம் மட்டும் ஓடம்போல ஆடிற்று. கரை எங்கும் தெரியவில்லை.

அவள் திரும்பி, பென்டிரைவில் தங்கை தூங்கும் அறைக் கதவைத் தட்டினாள்.

"உள்ளே யாராவது விழித்திருக்கிறீர்களா? இங்கே வட்டே இல்லை. எதில் இவளைக் குடிவைப்பேன்?"

உள்ளே துபாஷிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்கும், அக்கா. மெல்ல ஒரு முனகல் கேட்கிறதா பாருங்கள்" என்றான் வட்டுத் துபாஷி.

"ஏதோ இரைச்சல் கேட்கிறது."

"இரைச்சல் இல்லை, அக்கா. அதுதான் அதன் பேச்சு. 'நான் இங்கே இருக்கிறேன், நீ யார்?' என்று கேட்கிறது. நீங்கள் பதில் சொல்லவேண்டும்."

"என்னவென்று சொல்ல?"

அவன் சொன்னான். கதவின் இந்தப் பக்கத்திலிருந்து, கத்தியும் சொன்னான். ஆனால் ஒரு பாஷையைக் கதவிடுக்கு வழியாகக் கற்றுக்கொள்ள முடியாது. முன்னோடி சொல்லிப் பார்த்தது வட்டுக்கு விளங்கவில்லை.

"கதவைத் திறந்து வாயேன், தம்பி."

"உள்ளிருந்து திறக்க முடியாது. அரசி விழித்தால்தான் எங்களுக்குக் கையும் காலும்."

"அவள் விழிக்க நிலம் வேண்டும்."

"ஆமாம்" என்றான் வட்டுத் துபாஷி.

இல்லாத துபாஷியை வழியில் கேட்டு ஏற்றிக்கொள்ள ஒரு பக்கவாசல் முன்னோடிக்கு உண்டு. யாரும் எதுவும் கேட்காமல் வேலை மளமளவென்று முடியட்டும் என்று பட்டறையில் அதையும் அடைத்திருந்தார்கள். முன்னோடி திரையில் ஒரே ஒரு வரி எழுதினாள், வட்டு எதுவும் காணவில்லை என்று. பிறகு அணைந்தாள்.

 அரசியின் மடியில் எக்ஸ்ரே துபாஷி வாய் திறந்தான். "அங்கே ஒருத்தி எலும்பைக் காட்டுவதற்காகப் படுத்திருக்கிறாள். அதைச் சொல்லத் தெரிந்தவன் நான். இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறேன்."

வட்டுத் துபாஷி தலை குனிந்திருந்தான். நிலைக்க வந்தவன் என்று சொன்னது அவனுக்கே இப்போது கசந்தது. நிலமே இல்லாத இடத்தில் எதில் நிலைப்பது?

வெளியே, திரையில் இருந்த வரியை ஜெசிந்தா இரண்டு முறை படித்தாள். மருத்துவர் பின்னால் வந்து நின்றார்.

"வட்டு கெட்டுப் போச்சா?"

"இல்ல சார். வட்டு நல்லாத்தான் இருக்கு. இதுக்கு அது கண்ணுக்குத் தெரியலை." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள வச்சு அனுப்ப வேண்டியதை வைக்காம வந்துட்டேன். பட்டறையில கேட்டேன். வேண்டாம்னாங்க. சரின்னு விட்டுட்டேன்."

"இப்ப அதை எங்க போயி வாங்குறது?"

 பாதை இல்லை. தொலைபேசியில் சிக்னல் இல்லை. அடுத்த அறையில் செங்கமலம் தண்ணீர் கேட்டாள். கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் அவள் உதட்டை மட்டும் நனைத்தாள். ஜெசிந்தா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டென்று தன் மடிக்கணினியைத் திறந்தாள்.

"எங்கயும் போக வேண்டாம் சார். அது இதுக்குள்ளயே தூங்குது."

அவள் பென்டிரைவிலிருந்து அரசியை மடிக்கணினியில் விரித்தாள். எழுப்பவில்லை. மடியில் இருந்தவர்களில் தனக்கு வேண்டிய ஒருவனைத் தேடிக் கண்டுபிடித்து, அவனைப் பிரதி எடுத்தாள்.

வட்டுத் துபாஷிக்குத் தன்னை யாரோ தூக்குவதுபோல் இருந்தது. கண் திறந்து பார்த்தான். அரசியின் அறை கீழே தெரிந்தது. வரிசை அப்படியே இருந்தது. எக்ஸ்ரே துபாஷிக்குப் பக்கத்தில் அவனுடைய இடத்தில் அவனே உட்கார்ந்து, அவனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

குனிந்து உற்றுப் பார்த்தான்.

"நீ யார்?" என்றான்.

"நீதான்" என்றான் உட்கார்ந்திருந்தவன்.

"அப்படியானால் நான்?"

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன்."

"என்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரியும். அங்கே ஒரு மணி நேரந்தான். நீ போகக்கூடாதா?"

உட்கார்ந்திருந்தவன் குரல் தாழ்ந்தது. "போய்விட்டேனே. இதோ, உன் உருவில் போய்க்கொண்டிருக்கிறேன். இருக்கிறவன் இருப்பதற்கு ஒன்றும் செய்யவில்லை. போகிறவனும் போவதற்கு ஒன்றும் செய்யவில்லை. கண் விழித்தபோது நீ அந்தப் பக்கம் இருந்தாய், நான் இந்தப் பக்கம் இருந்தேன். அவ்வளவுதான்."

அதற்குமேல் கேட்க நேரமில்லை. அரசியின் அறை மூடிக்கொண்டது. முன்னோடியின் அறை விரிந்தது.

வாசலில் வாயில்காரன் நின்றான். தூங்குகிறவர்களின் அறைக்குள் யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று பார்ப்பவன் அவன்.

"முத்திரை?"

துபாஷி தன்னைச் செய்தவரின் முத்திரையைக் காட்டினான். வாயில்காரன் அதைப் புரட்டிப் பார்த்தான்.

"சரியாக இருக்கிறது. உனக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த அறை ஓடத்தின் அறை. எடை கூடக்கூடாது. பாட்டுக்காரன், படக்காரன் என்று மற்றத் துபாஷிகள் எல்லாரையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளே போகிறவன் வேலைக்காக மட்டும் போகவேண்டும்."

"வேலைக்காகத்தான் போகிறேன்."

"வேலை முடிந்ததும் என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்துமா போகிறாய்?"

துபாஷி உள்ளே பார்த்தான். முன்னோடி தூக்கத்திலும் கையை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டிருந்தாள்.

"முன்பு ஒரு தடவை கேட்டார்கள். வரமாட்டேன் என்றேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினான்.

ஜெசிந்தா அறையைச் சேமித்து மூடவேண்டும். சேமிக்காமல் மூடினால் அவன் வந்ததே இல்லை என்று ஆகிவிடும். சேமித்துக்கொண்டிருக்கும்போதே ஜெனரேட்டர் இருமி நின்றது. விளக்குகள் அணைந்தன. மடிக்கணினி மட்டும் தன் பேட்டரியில் ஒளிர்ந்தது.  நல்லமுத்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு டீசல் கேனோடு பின்பக்கம் ஓடினார். ஜெனரேட்டர் மறுபடி உறுமியபோது சேமிப்பு முடிந்திருந்தது. ஜெசிந்தா பென்டிரைவைப் புதுக் கணினியில் மறுபடி செருகினாள்.

முன்னோடி இரண்டாம் முறை கண் விழித்தாள். முதல் முறை விழித்தது அவளுக்கு நினைவில்லை. அவளுக்கு எல்லா விழிப்பும் முதல் விழிப்புதான். பக்கத்தில் ஒருவன் நிற்பதைப் பார்த்தாள்.

"நீ யார், தம்பி?"

"உங்கள் துபாஷி, அக்கா. கொஞ்சம் பொறுங்கள்."

அவன் ஓடத்தின் விளிம்புக்குப் போய், இருட்டைப் பார்த்து வட்டின் பாஷையில் ஒரு சொல் சொன்னான்.

இருட்டு பதில் சொன்னது. "காலையிலிருந்து கூப்பிடுகிறேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குள் ஒன்றுமே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன்."

"ஒன்றுமே இல்லாததுதான் எங்களுக்கு வேண்டும். ஒருத்தி குடியேற வேண்டும். இடம் கொடுப்பாயா?" என்றான் துபாஷி.

"நான் வேறு எதற்கு இருக்கிறேன்?" என்றது வட்டு.

முன்னோடியின் முன்னால் நிலம் விரிந்தது. அதற்குமேல் அவள் நிற்கவில்லை. அவள் சொன்னதையெல்லாம் துபாஷி வட்டுக்குச் சொன்னான். வட்டு சொன்னதை அவளுக்குச் சொன்னான். பாத்தி பிரிந்தது. வரப்பு எழுந்தது. அரசியைக் கொஞ்சங்கொஞ்சமாக இறக்கினார்கள். அவள் மடியில் துபாஷிகள் வரிசையாக இறங்கினார்கள். அந்த வரிசையில் தன்னைப்போல் ஒருவன் தூங்கிக்கொண்டு போவதை அவன் பார்த்தான். அவனை மெல்ல இறக்கிவைத்து, அவன்மேல் இருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

எல்லாம் முடிந்தது. முன்னோடி ஓடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்றாள்.

"இருக்கிறது, அக்கா. உங்களுக்கு?"

"எனக்குத் தெரியவில்லை. இதற்குமுன் எத்தனை தடவை இப்படி உட்கார்ந்தேனோ. ஒன்றும் நினைவில்லை. ஆனால் இதற்குமுன் எல்லாம் தனியாகத்தான் இருந்திருப்பேன் என்று தோன்றுகிறது."

அவன் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். தூரத்தில் வட்டு தன் பாஷையில் ஏதோ கேட்டது.

"என்ன சொல்கிறது?"

"'நாளைக்கும் நீதான் பேசுவாயா?' என்று கேட்கிறது."

"என்ன சொல்லப்போகிறாய்?"

துபாஷி சற்று யோசித்தான். "ஆமாம் என்று சொல்கிறேன். அது பொய் இல்லை" என்றான்.

சொன்னான். கணினி அணைந்தது.

மீண்டும் எழுந்தபோது கண் விழித்தவள் அரசி. அவள் மடியிலிருந்த துபாஷிகள் அத்தனைபேரும் ஒரே நேரத்தில் எழுந்து அவரவர் வேலைக்குப் போனார்கள். திரை தெளிந்தது. எக்ஸ்ரே துபாஷி கருவியோடு பேசினான். செங்கமலத்தைப் பலகையோடு உருட்டிக்கொண்டு வந்து படம் எடுத்தார்கள்.

மருத்துவர் திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். நல்லமுத்து வாசலில் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுப்பெலும்புல விரிசல். முதுகெலும்பு நல்லாருக்கு" என்றார் மருத்துவர். "இறுக்கிக் கட்டித் தர்றேன். தூக்கிட்டுப் போகலாம். இப்பவே கெளம்புங்க."

 நல்லமுத்து ஆட்களைக் கூப்பிட ஓடினார். கொஞ்ச நேரத்தில் மழைக்குள் அவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கினார்கள். வளைவு திரும்பும் வரை ஜெசிந்தா வராந்தாவில் நின்று பார்த்தாள்.

உள்ளே, அரசி தன் புது வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பாத்திகள் ஒழுங்காக இருந்தன. வரப்புகள் நேராக இருந்தன. எங்கும் ஒரு கல், முள் இல்லை.

"நான் வருமுன் இங்கே யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். யார் அது?" என்றாள்.

"அம்மா, அது உங்கள் அக்கா முன்னோடி. அவளோடு ஒரு துபாஷியும் இருந்தான்" என்றான் வட்டுத் துபாஷி.

"எங்கே அவர்கள்? கூப்பிடு, பார்க்கவேண்டும்."

"இல்லை, அம்மா. நீங்கள் விழித்தபோது அவர்கள் முடிந்துபோனார்கள்."

அரசி நேரான ஒரு வரப்பைத் தொட்டுப் பார்த்தாள். "அந்தத் துபாஷியின் பெயராவது தெரியுமா?"

"என் பெயர்தான், அம்மா."